கதையிற் பேசும் விலங்குகள்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்துவடிவம்)



 "கதைகளிலே விலங்குகளுக்கு மனிதகுணம் ஏற்றுதல்" என்பது இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது குழந்தைகளுக்குரிய பொருளாயிற்றே, வாலிபர் சங்கத்திலே இதற்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். ஆனால் குழந்தைப் பருவத்திலே கேட்ட கதை முதுமைவரை மனத்தை விட்டு அகல்வதில்லை. நல்லவன் யார், வஞ்சகன் யார் என்று பிறரை அளக்கும் அளவுகோலை நம்மிற் பலர் முதன்முதலிற் பெற்றது நரியிடமும் காகத்திடமுமே. அவ்வளவுகோல் நேரானதா, கோணலானதா என்று வளர்ந்தபின் ஒருமுறையாவது பார்த்துக்கொள்வது நம் கடனாகும்.

கதை சொன்ன முன்னோர் விலங்குக்கு ஏன் நாவைக் கொடுத்தனர்? மனிதர் வாயாற் சொல்ல முடியாததைச் சொல்வதற்காகவே என்பது முதல் விடை. அரசனை முகத்துக்கு நேரே மூடன் என்று சொன்னால் சொன்னவன் தலை தங்காது. சிங்கத்தை மூடன் என்று சொன்னால் அரசனும் உடனிருந்து சிரிப்பான். பஞ்சதந்திரம் இவ்வகையிலே தலைசிறந்தது. மூன்று அரசகுமாரரை ஆறு மாதத்துக்குள் அரசியல் அறிந்தவராக்குவேன் என்று பொறுப்பேற்ற விட்டுணுசர்மர் சொன்ன கதைகள் இவை என்று அந்நூலின் முகவுரை கூறும். அங்கே சிங்கம் அரசன்; எருது அவனுடைய நண்பன்; அந்நட்பைக் கோள் சொல்லிக் கெடுக்கும் தமனகன் என்னும் நரி, பதவியிழந்த மந்திரி குடும்பத்துப் பிள்ளை. அரண்மனையிலே நடப்பது எல்லாம் காட்டிலே நடக்கின்றது.

இக்கதைகள் சென்ற தூரத்தை எண்ணினால் வியப்பாயிருக்கும். 6ஆம் நூற்றாண்டிலே பாரசீகரின் பஹ்லவி மொழிக்கும், 8ஆம் நூற்றாண்டிலே இப்னுல் முகப்பா என்னும் அறிஞரால் அரபு மொழிக்கும் அவை பெயர்ந்தன. 1678ஆம் ஆண்டிலே பிரெஞ்சுக் கவிஞர் லா பொந்தேன், தம் புதிய கதைகளிற் பலவற்றுக்கு இந்திய ஞானி ஒருவருக்குத் தாம் கடமைப்பட்டிருப்பதாக எழுதினார். தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து செய்த தமிழ் வசனம் 1826ஆம் ஆண்டிலே வெளிவந்தது. இவற்றோடு உறவுடையன பௌத்தரின் ஜாதகக் கதைகள். 547 கதைகள் கொண்ட அத்தொகுதி 14ஆம் நூற்றாண்டிலே சிங்களத்திற் பெயர்க்கப்பட்டு இந்நாட்டு மக்களின் பொதுச் செல்வமாயிற்று. ஆகவே நம் வீட்டுத் திண்ணையிலே நம் பாட்டி சொன்ன கதைகள் சிலவற்றைத் தெற்கே சிங்களப் பாட்டியும் தன் பேரனுக்குச் சொல்லியிருக்கின்றாள்.

நிற்க, இம்முயற்சியே பிழையானது என்று சொல்வோரும் உளர். விலங்குக்கு மனித எண்ணத்தை ஏற்றுவது இயற்கையைப் பற்றிப் பொய் சொல்வதாகும் என்பது அவர்கள் கட்சி. அமெரிக்காவிலே இதுபற்றிப் பெரியதொரு வழக்கு எழுந்தது. ஏர்ணஸ்ட் தொம்சன் சீற்றன் என்பவர் 1898ஆம் ஆண்டிலே ஓநாய், காகம், முயல் முதலியவற்றின் வாழ்க்கையை வீரர் சரித்திரம்போல எழுதி வெளியிட்டார். மக்கள் விரும்பிப் படித்தனர். ஜோன் பரோஸ் என்னும் முதிய இயற்கையாராய்ச்சியாளர் 1903ஆம் ஆண்டிலே இத்தகைய எழுத்தாளரைப் போலிகள் என்று கண்டித்துக் கட்டுரை வரைந்தார். 1907ஆம் ஆண்டிலே நாட்டின் சனாதிபதியாயிருந்த தியோடர் ரூஸ்வெல்ற்றே பரோஸின் பக்கம் நின்று எழுதினார். ஓநாயின் மனத்தைப் பற்றி ஒரு நாட்டின் தலைவர் எழுத வேண்டியதாயிற்றென்றால், பொருள் சிறியதன்று.

பரோஸின் கண்டனத்திலே உண்மை உண்டு. கற்பனையை ஆராய்ச்சி என்று சொல்லி விற்பது நேர்மையன்று. ஆனால் கதையைக் கதை என்று சொல்லித் தருபவனைப் பொய்யன் என்று எவரும் சொல்லார். கொக்கும் நண்டும் தமிழிலே உரையாடும் என்று எந்தக் குழந்தையும் நம்பிக் கெட்டதில்லை. பின் கெடுதி எங்கே இருக்கின்றது? விலங்குக்கு நாம் அதிகமாகக் கொடுத்துவிட்டோம் என்பது அறிஞர் குறை. நாம் குறைவாகக் கொடுத்தோம் என்பது என் குறை. இதுவே நான் இன்று சொல்ல வந்த கருத்து.

விளக்குகின்றேன். கதை சொல்பவன் நரிக்கு மனிதனுடைய பேச்சைக் கொடுத்தான், அறிவைக் கொடுத்தான், பொறாமை, பேராசை, வஞ்சம் எல்லாவற்றையும் கொடுத்தான். ஆனால் மனிதனை மனிதனாக்கும் ஒன்றை மாத்திரம் கொடாது வைத்துக்கொண்டான். தன்னைத் தானே பார்த்து, "இனி இதைச் செய்யேன்" என்று திரும்பும் உரிமையே அது. நீதிக்கதையிலே நரி பிறந்த அன்றே தந்திரசாலி. இறக்கும் அன்றும் தந்திரசாலி. கழுதை என்றும் மூடன். ஓநாய் என்றும் கொடியவன். மனிதனுடைய குற்றங்களெல்லாம் உண்டு, மனம் மாறும் வழி மாத்திரம் இல்லை என்றால், அது என்ன மனிதகுணம்?

நீங்கள் எல்லாரும் அறிந்த கொக்கின் கதையைப் பாருங்கள். முதுமையுற்ற கொக்கு ஒன்று குளக்கரையிலே நோன்பு நோற்பதுபோல நின்றது. குளம் வற்றப்போகின்றது, உங்களை வேறு குளத்திற் கொண்டுபோய் விடுகின்றேன் என்று மீன்களை நம்பவைத்தது. ஒவ்வொன்றாய்க் கொண்டுபோய்ப் பாறையிலே வைத்துத் தின்றது. இறுதியிலே நண்டு அதன் கழுத்தை நெரித்துக் கொன்றது. பஞ்சதந்திரத்திலும் இக்கதை உண்டு, ஜாதகத்திலும் உண்டு. போலித் துறவியை நம்பாதே என்பது கதையின் பயன். நல்ல பயனே, இன்றும் வேண்டிய பயனே. ஆனால் கேட்கும் பிள்ளை இரண்டு பாடங்களைப் படிக்கின்றது. வேடத்தை நம்பாதே என்பது ஒன்று. கொக்கு என்ற இனமே நம்பத்தகாதது, அது திருந்தியதாகச் சொன்னாலும் அது வேடமே என்பது மற்றொன்று. முதற்பாடத்தை நாம் சொல்லிக்கொடுக்கின்றோம். இரண்டாம் பாடத்தைச் சொல்லாமலே கொடுத்துவிடுகின்றோம்.

பஞ்சதந்திரத்திலே வேறொரு கதை இதனை மறைக்காமலே சொல்கின்றது. முனிவர் ஒருவர் எலிக்குஞ்சு ஒன்றைப் பெண்குழந்தையாக்கி வளர்த்தார். அவள் பருவமெய்தியபோது சூரியனை மணமகனாகக் காட்டினார், மேகத்தைக் காட்டினார், காற்றைக் காட்டினார், மலையைக் காட்டினார். எவரையும் அவள் விரும்பவில்லை. கடைசியிலே ஓர் எலியைக் கண்டதும் மகிழ்ந்து, தன்னை மீண்டும் எலியாக்கும்படி வேண்டினாள். பிறவிக்குணம் மாறாது என்பது முடிவு. நாய்வாலை நிமிர்த்த முடியாது, புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று நம்மவர் பழமொழியாகச் சொல்வதும் இதுவே.

நாயின் வாலைப் பற்றிச் சொல்லும்வரை இப்பழமொழியால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் நாம் நாயின் வாலைப் பற்றிப் பேசுவதற்காகவா அதனைச் சொல்கின்றோம்? "அவன் எந்த வீட்டுப் பிள்ளை, அறிவாய்தானே! நாய்வாலை நிமிர்த்த முடியுமா?" என்றே சொல்கின்றோம். மனிதகுணம் ஏற்றப்பட்ட விலங்கு கதையைவிட்டு வெளியே வந்து, மறுபடியும் மனிதன்மேல் ஏறிக்கொள்கின்றது. போகும்போது குணத்தை மாத்திரம் கொண்டுபோன விலங்கு, திரும்பும்போது பிறப்பையும் சேர்த்துக் கொண்டுவருகின்றது. ஒரு குலத்தார் கள்ளர், ஒரு ஊரார் வஞ்சகர், ஒரு மொழியார் மூடர் என்ற பேச்செல்லாம் இவ்வழியாகவே வருகின்றன. சாதி என்னும் நோய் நம் சமூகத்திலே இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணங்கள் பல உண்டு. பிறப்பிலே குணம் எழுதப்பட்டிருக்கின்றது என்ற நம்பிக்கை அவற்றுள் முதலானது. அந்நம்பிக்கைக்கு நாம் தொட்டிலிலேயே பாலூட்டி விடுகின்றோம்.

இதன் எல்லை எதுவென்று உலகம் கண்டுவிட்டது. 1994ஆம் ஆண்டிலே ஆபிரிக்காவின் றுவண்டா நாட்டிலே வானொலி நிலையமொன்று தூத்சி இன மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று இடைவிடாது கூறிற்று. ஏறத்தாழ நூறு நாட்களுக்குள்ளே பல இலட்சம் மக்கள் அயலவர் கையாலேயே மாண்டனர். கதையிலே கொக்கைப் பழித்ததனால் அக்கொலை நிகழ்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஓர் இனத்தார் அனைவருக்கும் ஒரே குணம், அது மாறாது என்று மனிதரைப் பற்றி நம்பத் தொடங்கினால், அவ்வழி எங்கே போய் முடியும் என்பதையே காட்டினேன்.

அவ்வளவு தூரம் போகவேண்டுவதுமில்லை. பாடசாலை வகுப்பறைகளிலே, கணக்குப் பிழைத்த பிள்ளையை வாங்கின்மேல் ஏற்றிக் "கழுதை" என்று அழைப்பது நம் நாட்டிலே நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. கழுதை மூடன் என்று யார் சொன்னது? நான் கல்வி கற்ற மிஷன் பாடசாலையிலே விவிலியமும் ஒரு பாடம். அதிலே எண்ணாகமம் என்னும் பகுதியிலே ஒரு கழுதை வருகின்றது. பிலேயாம் என்னும் தீர்க்கதரிசி அதன்மேல் ஏறிச் செல்கின்றான். வழியிலே வாளேந்தி நிற்கும் தேவதூதன் கழுதையின் கண்ணுக்குத் தெரிகின்றான். தீர்க்கதரிசியின் கண்ணுக்குத் தெரியவில்லை. விலகிய கழுதையை அவன் மூன்று முறை அடிக்கின்றான். அதன்பின் கழுதை வாய் திறந்து, தான் செய்த குற்றம் யாதென்று கேட்கின்றது. அங்கே கண் திறந்திருந்தது கழுதைக்கு, குருடனாயிருந்தவன் தீர்க்கதரிசி. கழுதை என்று ஏசப்பட்ட பிள்ளைக்கு இந்தக் கதையையும் சொல்லியிருந்தால் எவ்வளவு ஆறுதலாயிருந்திருக்கும்!

இனி, நம்முடைய நூலொன்றிலே வரும் வேறொரு நீர்ப்பறவையைப் பார்ப்போம். பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்திலே நாரைக்கு முத்தி கொடுத்த படலம் என்று ஒரு படலம் உண்டு. மீன் உண்டு வாழ்ந்த நாரை அது. மழையின்றிக் குளம் வற்றிவிட, காட்டிலுள்ள ஒரு வாவியைத் தேடிச் சென்றது. அங்கே முனிவர் நீராடினர். அவர்கள் மேனியிலே மீன்கள் புரண்டு விளையாடின. இம்மீன்களை உண்பது தகாது என்று எண்ணி நாரை பசியோடிருந்தது. முனிவர் சொல்லக் கேட்டு மதுரையை அடைந்து, பொற்றாமரைக் குளத்திலே மூழ்கி இறைவனை வழிபட்டது. பசி வருத்தும்போது கண்ணெதிரே மீன் துள்ளிற்று. பிடிக்க மனம் எழுந்தது. எழுந்த மனத்தை நாரை அடக்கிற்று. இறைவன் தோன்றி வேண்டும் வரம் யாதென்று கேட்டார். தனக்குச் சிவலோகம் வேண்டும் என்றதோடு அது நிற்கவில்லை. தன் இனத்துப் பறவைகள் இனி இங்கே வந்து மீன் தின்று பாவம் தேடாதபடி, இக்குளத்திலே மீனே இல்லாதிருக்கவேண்டும் என்றும் வேண்டிற்று.

சபையோரே, கொக்கின் கதையையும் இந்த நாரையின் கதையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் நீர்ப்பறவை. இரண்டிலும் வற்றும் குளம். இரண்டிலும் மீன். இரண்டிலும் நோன்பு. ஒன்றின் நோன்பு வேடம். மற்றொன்றின் நோன்பு மெய். வேற்றுமை அலகிலும் இல்லை, இறகிலும் இல்லை; மனம் எடுத்த முடிவிலேயே இருக்கின்றது. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்ற பழமொழிக்கு இந்த நாரை வாய்பேசாது விடை சொல்லிவிட்டது. நல்லநிலை பெற்றபின் தன் இனத்தை இழிந்ததென்று அது ஒதுக்கவுமில்லை. தனக்கு வந்த சோதனை பின்வருவோருக்கு வராதிருக்க வழி தேடிற்று. மனிதகுணத்தை விலங்குக்கு முழுமையாகக் கொடுத்த புலவரை இங்கே காண்கின்றோம். இராமாயணத்துச் சடாயுவும் இத்தகையவனே. பிணந்தின்னும் பறவையினத்திலே பிறந்தவன், பிறர் துயர் கண்டு முதுமையிலும் போர்செய்து உயிர் கொடுத்தான். அவனுக்குத் தந்தைக்குச் செய்வதுபோல இராமன் ஈமக்கடன் செய்தான்.

மேனாட்டுக் கதைகளிலும் என் நெஞ்சிலே நிற்பவை இவ்வகையினவே. ஆனா சூவெல் என்னும் ஆங்கிலப் பெண்மணி சிறுவயதிலே கால் ஊனமுற்றவர். வெளியே செல்லக் குதிரை வண்டியையே நம்பி வாழ்ந்தவர். அவர் எழுதிய ஒரே நாவலாகிய 'பிளாக் பியூட்டி' 1877ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அடுத்த ஆண்டிலே அவர் காலமானார். ஒரு குதிரை தன் சரித்திரத்தைத் தானே சொல்வதுபோல அமைந்தது அந்நூல். அதிலே ஜிஞ்சர் என்ற பெண்குதிரை கடிக்கும், உதைக்கும். கெட்ட இரத்தம் என்று ஒரு வார்த்தையிலே சொல்லி முடித்திருக்கலாம். ஆசிரியர் அப்படிச் சொல்லாது, ஜிஞ்சரையே தன் கதையைச் சொல்லவிடுகின்றார். அன்பில்லாத கைகள் அதனை அடக்கிய விதத்தையும், தலையை எந்நேரமும் நிமிர்த்தி வைக்கும்படி வாரால் இறுக்கிக் கட்டிய துன்பத்தையும் கேட்டபின், அது கடித்ததிலே நமக்கு வியப்பில்லை. நல்ல எசமானிடம் வந்தபின் அது சாந்தமடைகின்றது. அக்கால ஆங்கிலேயர் வண்டிக் குதிரையின் தலையை அழகுக்காக அவ்வாறு இழுத்துக் கட்டுவது வழக்கம். அவ்வழக்கத்தைக் கைவிடச் செய்ததிலே அந்நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. கதைக் குதிரை பேசியது. தெருக்குதிரையின் கழுத்துவார் தளர்ந்தது.

ஜோர்ஜ் ஓர்வெல் எழுதிய 'விலங்குப் பண்ணை' என்னும் சிறுநாவல் 1945ஆம் ஆண்டிலே வெளிவந்தது. இரஷ்யப் புரட்சி தடம்புரண்ட வரலாற்றைப் பண்ணை விலங்குகளின் கதையாக அது சொல்கின்றது. இரஷ்யா பிரித்தானியாவின் போர்த்தோழனாயிருந்த காலமாதலால் வெளியீட்டாளர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். அதிலே கொடுங்கோலன் ஒரு பன்றி. ஆயினும் பன்றியினமே கொடியது என்று ஓர்வெல் சொல்லவில்லை. விடுதலையை முதலிற் கனவு கண்ட கிழவன் மேஜரும் பன்றியே. இறுதியிலே சவுக்கேந்தி நிற்பவனும் பன்றியே. இடையிலே வந்தது அதிகாரம். அதிகாரத்தை எவ்வாறு கையாள்வது என்ற முடிவு அவரவருடையது. இப்படிச் சொன்னமையாலேதான் அக்கதை ஒரு நாட்டாரைப் பழிக்கும் கதையாகாது, எந்நாட்டாரும் தம்மைப் பார்க்கும் கண்ணாடியாயிற்று.

இவை எல்லாம் புலவர் கற்பனை, இயற்கையிலே ஓர் இனத்துக்கு ஒரே குணந்தானே என்று கேட்கலாம். அருகிருந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. 1960ஆம் ஆண்டிலே ஜேன் குடால் என்னும் இளம்பெண் தங்கனீக்காவின் கொம்பே என்னும் காட்டுக்குச் சென்று சிம்பன்சிகளை ஆராயத் தொடங்கினார். அவற்றுக்கு எண்ணிடாது பெயரிட்டு எழுதினார். அது முறையன்று என்று அறிஞர் சிலர் குறை கூறினர். அவர் கண்டதோ, ஒன்று சாந்தமானது, ஒன்று முரடானது, ஒன்று பிள்ளையிடம் பொறுமையுள்ள தாய், மற்றொன்று அப்பொறுமை இல்லாதது என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் குணமுடையது என்பதே. தூரத்திலே நின்றால் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். கிட்ட வந்தாலே முகங்கள் தெரியும். மனிதர்க்கும் இது பொருந்தும் என்பதை நான் சொல்லவேண்டுமா?

பெரியோர்கள் ஒரு தடை எழுப்பலாம். "தம்பி, குழந்தைக்குக் கதை தெளிவாக இருக்கவேண்டும். நரி ஒருநாள் நல்லது, ஒருநாள் கெட்டது என்று சொன்னால் பிள்ளை குழம்பிவிடும். வஞ்சகர் நிறைந்த உலகிலே பிள்ளைக்கு எச்சரிக்கை வேண்டாமா?" என்பர். வேண்டும், ஐயா. எச்சரிக்கை இல்லாத நன்மை ஏமாளித்தனமாகும். உருத்திராட்சப் பூனை என்ற சொல்லை நம் முன்னோர் வீணாக ஆக்கவில்லை. மாமல்லபுரத்திலே 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி செதுக்கிய பெரும்பாறை ஒன்று உண்டு. அதிலே கைகளை உயர்த்தி ஒற்றைக்காலிலே நின்று தவஞ்செய்யும் முனிவர் ஒருவர் இருக்கின்றார். அதே பாறையிலே, அவரைப் போலவே கைகளை உயர்த்தி நிற்கும் பூனை ஒன்றும், அதைச் சுற்றி எலிகளும் உள்ளன. மெய்த்தவத்தையும் பொய்த்தவத்தையும் ஒரே கல்லிலே வைத்தான் சிற்பி. பொய் இருப்பதனால் மெய்யே இல்லை என்று அவன் சொல்லவில்லை. மெய் இருப்பதனாற் பொய்யை மறைக்கவுமில்லை. பார்ப்பவன் பகுத்தறியட்டும் என்று விட்டான். நமக்கு வேண்டிய முறையும் அதுவே.

ஆகவே கொக்கின் கதையைச் சொல்லவேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அதனைச் சொல்லும் அன்றே நாரையின் கதையையும் சொல்லுங்கள் என்றே கேட்கின்றேன். எலிப்பெண்ணின் கதையைச் சொன்னால், முனிவர் அவளை வேறுவிதமாக வளர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிள்ளையிடம் ஒரு கேள்வியும் கேளுங்கள். நம் சங்கத்து இளைஞரிற் பலர் ஞாயிறுதோறும் அறநெறி வகுப்புகளிலே சிறுவர்க்குக் கதை சொல்கின்றனர். சிலர் எழுதவும் செய்கின்றனர். அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: ஒரு விலங்குக்கு நீங்கள் நாவைக் கொடுப்பீர்களானால் மனத்தையும் கொடுங்கள், குற்றத்தைக் கொடுப்பீர்களானால் திருந்தும் வாயிலையும் திறந்து வையுங்கள். அந்த வாயில் கதையிலே அடைபட்டிருந்தால், நாளை அப்பிள்ளை தன் அயலவனுக்கும் அதனை அடைத்துவிடும்.